முப்பத்தாறரை சென்டிமீட்டர் கால்

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டபடி இருந்த ஆய்வாளரை, போன இதழில் நாம் அப்படியே போட்டுவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. மனிதர் இதற்குள் எழுந்துவிட்டார். முதுகு நிமிர்ந்ததே தவிர முகம் இன்னும் நிமிரவில்லை.

எதையோ தேடப்போய் அவர் கையில் அகப்பட்டது ஒரு துணிப்பை. அதற்குள் மனைவி பின்னி முடித்திருந்த ஒற்றைக் கம்பளிச் செருப்பு. சாம்பல் நிறம், வீட்டுக்குள் குளிருக்குப் போட்டுக்கொள்கிற வகை. வேறு யாராவது என்றால் "ஏயப்பா, எவ்வளவு பெரிசு!" என்று சொல்லிவிட்டு பையை மூடியிருப்பார்கள். இவர் முப்பத்தோரு வருஷம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். தராசு, படிக்கல், பெட்ரோல் பம்ப், டாக்சி மீட்டர் என்று ஊரில் எதையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அந்தச் செய்தியை அவரிடம் யாரும் பக்குவமாக எடுத்துச் சொல்லவில்லை.

எஃகு டேப்பை எடுத்து அளந்தார். முப்பத்தாறரை சென்டிமீட்டர்.

மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார். சராசரியும் முப்பத்தாறரை.

இந்தக் குடும்பத்தில் கால்கள் மொத்தம் நாலு ஜோடி. அவருக்கு இருபத்தாறு. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் மகனுக்கு இருபத்தேழு. டாக்சி ஓட்டும் மருமகளுக்கு இருபத்துமூன்றரை. மனைவிக்கு இருபத்திரண்டு. வருஷக்கடைசி விடுமுறை வந்தால் இந்த நாலு ஜோடிக்கும் மனைவி கையால் பின்னிக் கொடுப்பது வழக்கம். அப்படியானால் முப்பத்தாறரை யாருடையது? அதை ஏன் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும்?

விடுமுறைக்கு இன்னும் நாலு நாள். பதினாலு மாதம் கழித்து மகன் வருகிறான். அதற்குள் விசாரணையை முடித்துவிட வேண்டும் என்று, காலையில் மருமகளைச் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டார் ஆய்வாளர்.

"உட்காரு."

"உட்கார்ந்துதான் இருக்கேன் மாமா."

"நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லணும். உங்க அத்தை வேலை பாக்கற சலவைக் கடைக்கு அந்த பாய்லர் மெக்கானிக் வாரத்துக்கு எத்தனை தடவை வர்றான்?"

"இதுக்கு ஆமான்னு சொல்லணுமா, இல்லைன்னு சொல்லணுமா?"

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சிகளை மடக்க அலுவலகத்தில் அவர் கையாண்ட உத்தி அது. அங்கேயும் பலித்ததில்லை.

"ஆள் எவ்வளவு உயரம்?"

"ஆறேகால் அடி இருப்பாரு. வாசல் நிலையில தலையை இடிச்சுக்கிட்டுத்தான் உள்ளயே வருவாரு."

குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். "ஆறேகால் அடி ஆளுக்குக் கால் எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டு இருக்கும் மாமா."

"விளையாடாதே. இந்த வீட்ல இல்லாத ஒரு ஆம்பளைக்கு உங்க அத்தை செருப்பு பின்னிக்கிட்டிருக்கா. என்கிட்ட ஆதாரம் இருக்கு."

மருமகள் பக்கத்தில் நகர்ந்து வந்து அவர் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். "முப்பத்தாறரையா? இது ஆம்பளை இல்ல மாமா, மாட்டு வண்டி."

இவளிடம் அவருக்கு இப்படித்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இவளுடைய டாக்சி மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று நடுத்தெருவில் நிறுத்தி முத்திரை வைத்தார். இவள் அரை மணி நேரம் சண்டை போட்டாள். அவர் வீட்டுக்கு வந்து அதை மகனிடம் ஆச்சரியமாகச் சொன்னார். மகன் அந்த மீட்டரைப் பார்க்கப் போனவன்தான்.

"அத்தையை நேராக் கேட்டுடுங்களேன்."

"கேட்டா உஷாராயிடுவா. சோதனைக்குப் போறதைக் கடைக்காரன்கிட்ட சொல்லிட்டா போவாங்க? இன்னைக்கு மத்தியானம் திடீர்னு போய் நிக்கணும். நீ வண்டி எடு."

சொல்லிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மருமகளும் சட்டென்று பாதி எழுந்தாள். பிறகு, கையில் இருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

*

அங்கே சலவைக் கடையில், விசாரிக்கப்பட வேண்டியவள் தன் பங்குக்கு இன்னொரு விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

கடையில் அவளுக்குக் 'கறையக்கா' என்று பேர். மேலே கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துணித்துண்டு குத்தியிருக்கும். கீழே நீளமான மேஜை, அதன் மேல் ஒரு வெள்ளை விளக்கு. அந்த விளக்குக்குக் கீழே சட்டையை விரித்து, "இது மை இல்ல, முடிக்கு அடிக்கிற சாயம்" என்று அவள் சொன்னால், கொண்டுவந்த கனவானே தலையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொள்வார். கறை சொல்வதைத்தான் அவள் கேட்பாள். மனிதர்கள் சொல்வதைக் கேட்டு இத்தனை வருஷத்தில் ஒரு கறையும் போனதில்லை.

முப்பத்தாறரையின் ரகசியம் ரொம்பச் சின்னது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் கம்பளி ஸ்வெட்டர் தப்பித்தவறி வெந்நீர் இயந்திரத்துக்குள் போய்விட்டது. வெளியே வந்தபோது பொம்மைக்குப் போடலாம் போலிருந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கறையக்கா அதை விரலால் நெருடிப் பார்த்தாள். பின்னலே தெரியவில்லை. ஒரே தடிமனாக, மெத்தென்று, கையை வைத்த மாத்திரத்தில் சூடு ஏறியது.

அன்றே முடிவு செய்துவிட்டாள். இந்த வருஷச் செருப்புகளைத் தளர்த்தியாக, பூதத்துக்குப் பின்னுகிற மாதிரி பின்னி, வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிடுவது. வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. போன வருஷம் கொடுத்த செருப்பு தரையில் ஒருமுறை வழுக்கியது என்று ஐந்து பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தவர் அவர். புதிதாக ஒன்று செய்யப்போகிறேன் என்றால் விசாரணைக் குழு அமைப்பார். தலைவரும் அவரே, உறுப்பினர்களும் அவரே. முடித்துவிட்டுக் காட்டிக்கொள்ளலாம் என்று பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். சுருங்கிய கம்பளி திரும்ப நீளாது. சரியான நேரத்தில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அதற்குப் போட்டுக்கொள்கிறவரின் காலளவு தெரிய வேண்டும். வருஷக்கடைசிக்கு மூன்று நாள் முன்னாலேயே, நாளையிலிருந்து கடையை மூடிவிடுகிறார்கள். இன்று சாயங்காலத்தோடு பாய்லரை அணைத்துவிடுவார்கள். ஆக, எதுவானாலும் இன்றைக்குத்தான்.

வருஷாவருஷம் பொட்டலம் கட்டும் பழுப்புத்தாளை விரித்து, ஒவ்வொருவரையும் அதன்மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்துகொள்வாள். இந்த வருஷம் வீட்டுக்காரர் தாள்மேல் ஏற மறுத்துவிட்டார்.

"போன வருஷத் தாளையே வெச்சுக்கோ. அறுபத்துமூணு வயசுல எலும்பு வளராது."

எதைக் கண்டாலும் அளந்துவிட்டு மறுவேலை பார்க்கிற மனிதர், தன்னை அளக்க விடமாட்டேன் என்கிறார். சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

அப்புறம் காலுறை. சாக்ஸ் போட்டால் கால் சோம்பேறி ஆகிவிடும் என்று குளிர்காலத்திலும் வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தவர், மூன்று வாரமாகத் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. நேற்று அந்தச் சாக்ஸைத் தானே துவைத்துக் காயப்போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தம்ளர்கூடக் கழுவி வைக்காத கை. வலது சாக்ஸின் நுனியில் பழுப்பாக ஒரு வளையம். ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். தெரியாதவர்கள் வெந்நீரில் போடுவார்கள். கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். தெரியாதவர் நன்றாகவே வேகவைத்திருந்தார்.

இன்று காலை, தரை வழுக்குகிறது என்று சொல்லிக் குளியலறை வாசலில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்தாள். குளித்துவிட்டு அதை மிதித்துக்கொண்டு போனார். இடது பாதம் ஐந்து விரலோடு அழகாக விழுந்திருந்தது. வலது பக்கம் பாதமே இல்லை. கசங்கிய கோடுகள் மட்டும். பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மிதித்தால் விழுகிற மாதிரி.

அந்தத் தாளைத்தான் இப்போது வெள்ளை விளக்குக்குக் கீழே விரித்திருந்தாள். மருமகளுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, மாமா கால்ல ஏதாவது..."

"எனக்கென்ன தெரியும் அத்தை?"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கறையக்கா போனை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தாள்.

எட்டுச் செருப்புகளில் ஏழை இயந்திரத்துக்குள் போட்டாள். எட்டாவது, வீட்டுக்காரரின் வலதுகாலுக்கானது, மேஜைமேலேயே இருந்தது. எப்படி இருக்கிறது என்று தெரியாத காலுக்கு எதை நம்பிச் சுருக்குவது?

*

ஆய்வாளர் வந்து இறங்கியபோது மணி இரண்டரை. சட்டைப்பையில் குறிப்பேடு, கையில் எஃகு டேப். பின்னாலேயே மருமகள், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு.

அவருடைய அதிர்ஷ்டம், பாய்லர் மெக்கானிக்கும் அங்கேயே இருந்தார். ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தபோதே ஆய்வாளரின் தோள் உயரம் இருந்தார்.

"ஷூவைக் கழட்டு."

"எதுக்கு சார்?"

"அரசாங்க வேலை."

"எந்த அரசாங்கம் சார்?"

"கழட்டுன்னா கழட்டு." குரலில் முத்திரை இருந்தது. மெக்கானிக் பயந்துபோய்க் கழற்றினார். சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. ஆய்வாளர் இடதுகாலை மட்டும் மடக்கி, வலதுகாலை விறைப்பாக நீட்டிக்கொண்டு ஒரு மாதிரி குந்தினார். டேப் சர்ரென்று நீண்டது.

இருபத்தேழரை.

மறுபடி அளந்தார். இருபத்தேழரையேதான்.

"புது ஷூ ஏதாவது குடுக்கறாங்களா சார்?" என்றார் மெக்கானிக் ஆவலாக.

கறையக்கா மேஜைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது மெக்கானிக்கின் காலை அல்ல. நீட்டியபடியே இருந்த இன்னொரு காலை.

"இங்க என்னங்க பண்றீங்க?"

ஆய்வாளர் சமாளித்துக்கொண்டு எழுந்தார். அவர் கண்ணில் மேஜைமேல் இருந்த எட்டாவது செருப்பு பட்டது. பாய்ந்து எடுத்து, தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"செருப்பு."

"நீளம் முப்பத்தாறரை சென்டிமீட்டர். இந்தக் குடும்பத்துல இப்படி ஒரு கால் கிடையாது. இவனுக்கும் கிடையாது. அப்ப யாருக்கு? முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல என்னை எவனும் அளவுல ஏமாத்தினது கிடையாது. நீ..."

அந்த இடத்தில் இயந்திரம் கிணிங் என்று மணியடித்து நின்றது.

கறையக்கா கதவைத் திறந்தாள். ஆவி ஒரு வீச்சு அடித்தது. உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். மகனுடையது இரண்டு, மருமகளுடையது இரண்டு, தன்னுடையது இரண்டு. கடைசியாகச் சாம்பல் நிறத்தில் ஒற்றைச் செருப்பு. கச்சிதமாக, தடிமனாக, ஆவி பறந்துகொண்டு.

"உங்க கையில இருக்கே, அதுக்கு ஜோடி இது. காலையில அதுவும் முப்பத்தாறரைதான். இப்ப அளங்க."

கை அவரைக் கேட்காமலே அளந்தது. இருபத்தாறு.

"வெந்நீர்ல போட்டுச் சுருக்கியிருக்கேன். நாலு ஜோடிதான். நாலும் நம்ம வீட்டுக்குத்தான்."

ஆய்வாளர் ஒரு கையில் முப்பத்தாறரையும் ஒரு கையில் இருபத்தாறுமாக நின்றார். மெக்கானிக் மெதுவாக ஷூவை மாட்டிக்கொண்டு, டீயை விட்டுவிட்டு, நிலையில் தலையை இடித்துக்கொண்டு வெளியேறினார். மருமகள் கம்பியில் தொங்கிய கோட்டுகளின் எண்களைப் படிக்க ஆரம்பித்தாள்.

"நான் வந்தது என்னன்னா," என்றார் ஆய்வாளர், "பொதுவா ஒரு... தரப் பரிசோதனை..."

"சரி, பரிசோதனை முடிஞ்சுது. இனிமே என்னோடது. உட்காருங்க."

அதே மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். ஈரமும் சூடுமாக இருந்த இடதுகாலின் செருப்பை அவளே மாட்டிவிட்டாள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"அந்தக் கால்."

"அதான் அளவு தெரிஞ்சுபோச்சே. ரெண்டு காலும் ஒரே அளவுதான். அதையும் இருபத்தாறா சுருக்கிடு."

"சாக்ஸைக் கழட்டுங்க."

"குளிருது."

"பாய்லர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா?"

"இது என்ன பொது இடத்துல... நான் ஒரு கெஜட்டட் ஆபீசர்..."

"என்னங்க." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "சாக்ஸை வெந்நீர்ல துவைச்சிருக்கீங்க. கறை வெந்துபோயிருக்கு. காலையில பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கிட்டுக் குளிச்சிருக்கீங்க. இவ்வளவும் நான் பார்த்தாச்சு. நீங்க கழட்டறீங்களா, நான் கழட்டட்டுமா?"

ஆய்வாளர் மருமகளைப் பார்த்தார். மருமகள் நூற்றுப் பதினேழாம் எண் கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறையக்காவே குனிந்து சாக்ஸை உருட்டி இறக்கினாள். உள்ளே கட்டு. முன்பாதம் முழுக்க வெள்ளைத்துணி சுற்றி, தலையணை மாதிரி உப்பியிருந்தது. நுனியில் மஞ்சளும் பழுப்புமாக ஊறியிருந்தது. அது என்ன கறை என்று அவளுக்கு விளக்கு போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"எப்பலேருந்து?"

"ஒரு ஆணி. பழைய செருப்புல ஏறியிருந்திருக்கு. ரெண்டு நாள் அதோடயே நடந்திருக்கேன். குத்தினதே தெரியல." இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது முப்பத்தைந்து வருஷத்தில் அவளுக்கே தெரியாது. "சர்க்கரை இருக்காம். ரொம்ப நாளா இருந்திருக்கும்னாங்க. காலு மரத்துப்போச்சாம்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி போனேன். உடனே சேரணும், ரெண்டு விரல் போகும்னாரு."

"மூணு வாரமா?"

"பையன் வர்றான். பதினாலு மாசம் கழிச்சு, இருபது நாளைக்கு. அவன் வந்து இறங்கறப்போ நான் கட்டில்ல கிடக்கணுமா? அவன் கப்பலேறினதும் போயி..."

"தள்ளிப்போட்டா?"

ஆய்வாளர் கையில் இருந்த டேப்பை இழுத்தார், விட்டார். அது சர்ரென்று உள்ளே போய் மூடிக்கொண்டது.

"தள்ளிப்போட்டா என்ன சொன்னாரு? சொல்லுங்க."

"எது வரைக்கும் எடுக்கவேண்டி வரும்னு இப்ப சொல்ல முடியாதுன்னாரு."

கறையக்கா அழவில்லை. மேஜைமேல் இருந்த ஆறு செருப்புகளையும் ஈரத்தோடு ஒரு பையில் போட்டாள். பிறகு, அவர் மடியில் கிடந்த சுருக்காத செருப்பை எடுத்துக் கட்டோடு அந்தக் காலில் மாட்டிவிட்டாள். இறுக்கவில்லை, பிடிக்கவில்லை. முப்பத்தாறரையில் மிச்சம் அதிகம் இல்லை.

"யாரு கூடப் போனீங்க?"

"தனியாத்தான். யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா."

"சரி, எழுந்திரிங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நாலு நாள்தானே, அவன் வந்து முகத்தைப் பார்த்துட்டு..."

"அவன் அங்க வந்து பார்ப்பான். கப்பல்ல இருக்கறவனுக்கு ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாதா?" தோளைக் கொடுத்து எழுப்பினாள். ஒருகாலில் கச்சிதமான செருப்பு, ஒருகாலில் பூதத்தின் செருப்பு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ் அவள் தோளில் சாய்ந்து நொண்டியபடி தெருவுக்கு வந்தது. டாக்சியின் பின் இருக்கையில் அவரை ஏற்றி, கால் இடிபடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

மருமகள் கண்ணாடியைச் சரிசெய்தாள். அதில் தெரிந்த அத்தையின் கண்களைப் பார்க்காமல் சரிசெய்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா," என்றாள் கறையக்கா.

இந்த ஊரில் ஆஸ்பத்திரிகள் நாலு. திசைக்கொன்றாக இருக்கின்றன.

மருமகள் எது என்று கேட்கவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த வழிபோல இடதுபக்கம் திரும்பினாள்.